அவர் கலந்து கொடுத்த தேநீர்

அந்தத் தேயிலைக் கிடங்கில் அவளைப் பெயர் சொல்லி அழைத்தவர் யாருமில்லை. மூட்டை தூக்குகிறவர்கள் முதல் மேலாளர் வரை எல்லோருக்கும் அவள் 'நாக்கு அக்கா'தான்.

லேசுப்பட்ட நாக்கா அது! மாடியில் பெரிய ஜன்னலை ஒட்டி ஒரு நீள மேசை. அதன்மேல் வெள்ளைக் கோப்பைகள் வரிசையாக நிற்கும். ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு சரக்கின் தேநீர், பாலில்லாமல், சர்க்கரையில்லாமல். அவள் கரண்டியால் மொண்டு, உதட்டைக் குவித்து, 'சர்ர்' என்று உறிஞ்சி, வாய்க்குள் ஒரு சுழற்றுச் சுழற்றி, காலடி வாளியில் துப்புவாள். துப்பிய கையோடு தீர்ப்பு வந்துவிடும். இது ஈரத்தில் கிடந்த சரக்கு. இதை அவசரப்பட்டுக் காயவைத்திருக்கிறார்கள். இந்த மூட்டைக்குப் பக்கத்தில் எவனோ சோப்புப் பெட்டியை இறக்கி வைத்திருக்கிறான். அவள் சொன்னால் சொன்னதுதான், மறுபேச்சு கிடையாது.

ஒரு கோப்பைக்கும் அடுத்த கோப்பைக்கும் நடுவே வாயைக் கொப்பளிக்காமல் அவள் எதையும் தொடமாட்டாள். அவசரப்படுத்துகிறவர்களிடம் ஒரே பதில்தான் சொல்வாள். "ரெண்டு ருசி ஒண்ணா வாயில இருந்தா, எது குத்தம் செஞ்சுதுன்னு எப்படிச் சொல்றது?"

அதே கட்டடத்தின் கீழ்த்தளத்தில் அவள் கணவருக்கு வேலை. கலவைக்காரர். மேலே அவள் பிரித்துப் பார்க்கிறவள், கீழே அவர் சேர்த்து வைக்கிறவர். நிறம் வெளுத்த சரக்கோடு நிறம் உள்ளதைச் சேர்ப்பார். மணம் போனதோடு மணமுள்ளதைச் சேர்ப்பார். குறையுள்ள இலையைக் கழித்துத் தள்ளுவது அவருக்குத் தெரியாத வித்தை. எதோடு எதைச் சேர்த்தால் சரியாகும் என்று பார்க்கவேண்டும், அவ்வளவுதான் என்பார். சேர்த்தது தெரியாமல் சேர்ப்பதுதான் அவர் தொழிலின் பெருமை. அந்தப் பெருமையைப் போட்டு உடைப்பது அவள் தொழில்.

கலியாணமான புதிதிலிருந்தே அது அவர்களுக்குள் ஒரு விளையாட்டு. அவர் ஒரு பிடி மட்டச் சரக்கை நல்ல சரக்கில் ஒளித்து மேலே அனுப்புவார். அவள் ஒரே உறிஞ்சலில் கண்டுபிடித்து, மாடிப்படியின் உச்சியில் வந்து நின்று, "என்னங்க, பழைய மூட்டையை என் தலையில கட்டப் பாக்குறீங்களா?" என்று கேட்பாள். மூட்டை தூக்குகிறவர்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். அவரும் தோற்றுப்போன முகத்தோடு சிரிப்பார். ஒருமுறைகூட அவர் ஜெயித்ததில்லை. பிள்ளையில்லாத அந்த வீட்டின் கலகலப்பு முழுவதும் அந்தத் தோல்வியில்தான் இருந்தது.

அப்படிப்பட்ட வீட்டில்தான் ஒரு காலை, குளித்துக்கொண்டிருந்தவளின் விரலில் அந்தக் கட்டி தட்டுப்பட்டது.

புற்றுநோய் மருத்துவர் ஒரு பெண். மென்மையாகப் பேசுகிறவர், ஆனால் சுற்றி வளைக்காதவர். முதலில் கீமோ மருந்து ஏற்றிக் கட்டியைச் சுருக்கி, பிறகு அதை மட்டும் அறுத்து எடுக்கலாம், மார்பைக் காப்பாற்றிவிடலாம் என்றார். "நிச்சயமா குணமாக்கலாம். ஆனா நாள் தள்ளிப்போகக் கூடாது" என்றார். கிளம்பும்போது இன்னொன்றும் சொன்னார். வீட்டில் யாராவது மூலிகை, கஷாயம் என்று கொண்டுவருவார்கள். அதைக் குறை சொல்கிற ஆள் தான் இல்லை. குமட்டலுக்கு இஞ்சி மாதிரி சிலது துணையாகவும் இருக்கும். "ஆனா எதுவா இருந்தாலும் முதல்ல என்கிட்ட காட்டுங்க. எனக்குத் தெரியாம ஒரு சொட்டு உள்ள போகக் கூடாது."

அவளுக்கு அந்தப் பேச்சு பிடித்துப்போயிற்று. இந்த டாக்டரும் நம்ம கட்சி, ரெண்டைக் கலக்க விடமாட்டாங்க என்று வீடு வரும் வழியெல்லாம் கணவரிடம் சொல்லிக்கொண்டே வந்தாள்.

மருந்து ஏற்ற ஆரம்பித்ததும் கட்டி இளகியது. மருத்துவர் தொட்டுப் பார்த்துச் சிரித்தார். ஆனால் அந்த மருந்து அவளிடமிருந்து எடுத்துக்கொண்டவை கொஞ்சமா? முடி கொத்துக் கொத்தாகக் கையோடு வந்தது. அதற்கு அவள் அழவில்லை. பிறகு ஒருநாள் தேநீரை உறிஞ்சினாள். வெந்நீர். உப்பைத் தொட்டு நாக்கில் வைத்தாள். மணல். சர்க்கரை, புளி, மிளகாய், எல்லாம் ஒரே மணல். அன்றைக்குத்தான் அழுதாள். தலையில் துணியைக் கட்டிக்கொண்டு சமையலறைத் தரையில் உட்கார்ந்து, செத்துப்போன நாக்கைக் கண்ணாடியில் நீட்டிப் பார்த்து அழுதாள்.

அந்தச் சமயத்தில்தான் நாத்தனார் வந்து சேர்ந்தாள். தம்பியைத் தூக்கி வளர்த்த அக்காள். குரல் தெருமுனைவரை கேட்கும். மனசு அதைவிடப் பெரிசு. வந்ததும் வராததுமாகப் பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்தாள். வேர்களும் இலைகளும் இடித்த பச்சைப் பொடி. கைராசிக்காரரான ஒரு மூலிகை வைத்தியரிடம் வாங்கியதாம். இதே நோய் கண்ட ஒருத்தி மருத்துவமனை மருந்தோடு இதையும் சாப்பிட்டு இப்போது ஓடியாடித் திரிகிறாளாம். ஈரலுக்கும் பலமாம்.

டாக்டரிடம் காட்டிவிட்டுக் குடிக்கிறேன் அண்ணி என்றாள் இவள். நாத்தனாரின் முகம் சுண்டிவிட்டது.

"ஆமாம்மா, நான் வெஷம் கொண்டாந்திருக்கேன். போய்க் காட்டு" என்று பொட்டலத்தைத் தூக்கிக்கொண்டு சமையலறைக்குள் போய்விட்டாள். அங்கே தம்பி அடுப்பைப் பார்த்தபடி நின்றிருந்தார்.

அக்காள் என்ன சொன்னாள் என்பதைவிட அவர் கண்ணால் கண்டதுதான் அவரை அசைத்தது. வாந்தி எடுத்துச் சுருண்டு கிடக்கும் மனைவி. குச்சியாகிவிட்ட கைகள். தனியாகக் கொடுத்தால் அந்தக் கீமோ மருந்துக்குக் குறை இருக்கிறது. அதோடு சேர்க்கவேண்டியதைச் சேர்த்தால் சரியாகிவிடும். வாழ்நாளெல்லாம் அப்படித்தானே அவர் சரிசெய்திருக்கிறார்? டாக்டர் வேண்டாம் என்றுவிட்டால் அவள் அதைத் தொடக்கூட மாட்டாள். அவளுக்குத் தெரியாமல் கொடுக்கவேண்டும். தெரியாமல் கலப்பதுதானே அவர் கைவந்த வேலை?

மறுநாள் காலை, திடமான தேயிலையில் அந்தப் பொடியைக் கொஞ்சம் சேர்த்துக் கொதிக்கவைத்து, வடிகட்டி, அவளிடம் நீட்டினார். அது எட்டி மாதிரி கசக்கும் பொடி. அவள் பழக்கதோஷத்தில் உறிஞ்சினாள். வாய்க்குள் சுழற்றினாள். அவர் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றார். அவள் விழுங்கிவிட்டுக் கோப்பையைத் திருப்பிக் கொடுத்தாள். ஒன்றும் சொல்லவில்லை.

முதல்முறையாக அவர் ஜெயித்துவிட்டார். சமையலறைக்குப் போய்ச் சுவரில் முகத்தைப் புதைத்துக்கொண்டு சத்தமில்லாமல் அழுதார்.

அதன்பிறகு எடுத்த இரத்தப் பரிசோதனையில் மருத்துவரின் சிரிப்பு மறைந்தது. கல்லீரல் கெட்டிருந்தது. இந்த நிலைமையில் கீமோ ஏற்ற முடியாது என்றார். வேறு ஏதாவது மருந்து சாப்பிடுகிறீர்களா என்று திரும்பத் திரும்பக் கேட்டார்.

"இல்ல டாக்டர். சத்தியமா ஒண்ணும் இல்ல" என்றாள் அவள்.

பக்கத்து நாற்காலியில் கணவர். உதடு அசைந்தது, வார்த்தை வரவில்லை. சொன்னால் நிறுத்தச் சொல்வார்கள். ஈரலுக்குப் பலம் தருகிற ஒரே பொருளையும் நிறுத்திவிட்டால், ஈரல் கெட்டுக்கொண்டிருக்கிற இந்த நேரத்தில் அவள் என்ன ஆவாள்? அட, பாவி மனுஷா! அந்த ஒரு நிமிஷம் வாயைத் திறந்திருக்கக் கூடாதா?

படம் எடுத்துப் பார்த்ததில் கல்லீரலில் ஒரு சின்ன நிழல் தெரிந்தது. நோய் அங்கே பரவியிருக்கலாம், தெளிவாகத் தெரிய வேறொரு பெரிய ஸ்கேன் வேண்டும் என்றார் மருத்துவர். பரவியிருந்தால்? அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பரவியிருந்தால் குணப்படுத்துவது பற்றிப் பேசமுடியாது, வலியில்லாமல் பார்த்துக்கொள்வது பற்றித்தான் பேசமுடியும் என்றார்.

வீட்டுக்கு வந்ததும் கலவைக்காரர் செய்த முதல் காரியம், ஒரு கரண்டிப் பொடியை இரண்டு கரண்டியாக்கியது.

அடுத்த பரிசோதனை இன்னும் மோசம். அவர் இன்னும் கொஞ்சம் சேர்த்தார். அவளுக்குப் பசி அற்றுப்போயிற்று. பெரிய ஸ்கேனுக்குக் காத்திருக்கும் வரிசையோ நகரவே மாட்டேனென்றது. கீமோ நின்றுபோன உடம்பில், இளகியிருந்த கட்டி மறுபடி கல்லாக இறுகுவதை அவள் குளியலறையில் விரலால் உணர்ந்தாள். யாரிடமும் சொல்லவில்லை. அலமாரியை ஒழிக்க ஆரம்பித்தாள். தன் புடவைகளை நாத்தனாருக்கென்று ஒரு பக்கமாக அடுக்கினாள். அரிசி எந்த டப்பாவில், ஊசிநூல் எந்த டப்பாவில் என்று கணவருக்குக் காட்டினாள். அவர் கேட்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டபோது, "கவனிங்க. அப்புறம் யாரைக் கேப்பீங்க?" என்றாள்.

ஒரு பிற்பகல். படுக்கையில் கண்ணை மூடிக் கிடந்தவளின் காதில் சமையலறைப் பேச்சு விழுந்தது. நாத்தனாரின் குரலுக்கு ரகசியம் பேசத் தெரியாது.

"அவளுக்குத் தெரிஞ்சுதுன்னா?"

"தெரியாதுக்கா" என்றார் கணவர். "அவ நாக்குலதான் ஒண்ணுமே இல்லையே."

கண்ணைத் திறந்தாள். தலைமாட்டில் அவள் குடிக்க மறந்த காலைத் தேநீர் ஆறிப்போய் இருந்தது. நல்ல திடமான தேநீர் ஆறினால் பால் விட்டதுபோலக் கலங்கவேண்டும். அது தொழிலில் நுழைந்த முதல் வாரமே எல்லோரும் படிக்கிற பாடம். இது கலங்கவில்லை. மேலே பச்சையாக ஒரு படலம். மெல்லக் கோப்பையைச் சாய்த்தாள். அடியில் நறநறவென்று ஒரு வண்டல்.

நாக்கு செத்துப்போனது, கண் சாகவில்லையே!

அந்தக் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் கூட்டிப் பார்த்தாள். வீட்டில் அடுப்பைத் தொடுகிறவர் ஒருவர்தான். கெட்டுக்கொண்டே போகும் ஈரல். டாக்டர் கேட்டபோது வாயைத் திறக்காத மனிதர். தம்பிக்கு ஒரு வாரிசு இல்லையே என்று நாத்தனார் எப்போதோ பெருமூச்சு விட்டதுகூட இப்போது நினைவுக்கு வந்து நெஞ்சைக் குத்தியது. சீக்குக்காரியைச் சுமந்து அலுத்துவிட்டதா? இத்தனை வருஷம் ஒரே தட்டில் சாப்பிட்ட கை, இந்தக் காரியத்தையா செய்யும்? புற்றுநோய் அவளைக் கொல்லக்கூடும் என்று தெரிந்தபோதுகூட அவளுக்கு இப்படி வலிக்கவில்லை.

மறுநாள் காலை சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்து, சமையலறைக் கதவோரம் நின்றாள். அவர் முதுகைக் காட்டி நின்றிருந்தார். உப்பு டப்பாவுக்குப் பின்னாலிருந்து ஒரு தகர டப்பாவை எடுத்தார். பச்சைப் பொடியை அள்ளிக் கொதிக்கும் நீரில் போட்டார். வடிகட்டினார். இரண்டு கோப்பைகளில் சரிசமமாக ஊற்றினார். ஒன்றை எடுத்து, தலையை அண்ணாந்து, மடமடவென்று தானே குடித்தார். உடம்பே உதறியது. வாயைத் துடைத்துக்கொண்டு, முகத்தில் ஒரு சிரிப்பை வரவழைத்துக்கொண்டு, மற்றக் கோப்பையோடு திரும்பினார்.

எதிரே அவள்.

"எனக்குக் கலக்குறது சரி" என்றாள். குரல் அவளுடையதாகவே இல்லை. "நீங்க எதுக்குக் குடிக்கிறீங்க?"

கோப்பை கைதவறித் தரையில் உடைந்தது. அவர் அப்படியே சரிந்து உட்கார்ந்தார். எல்லாவற்றையும் கொட்டினார். அக்காள் கொண்டுவந்த பொட்டலம், முதல் நாள், இரண்டு கரண்டி, மூன்று கரண்டி.

"உனக்கு எவ்வளவோ எனக்கும் அவ்வளவு. உனக்கு ஒண்ணு ஆச்சுன்னா எனக்கும் ஆகட்டும்னு தினமும் குடிச்சேன்."

"தினமுமா?"

"தினமும். எனக்கு ஒண்ணும் ஆகலியே. அப்ப உனக்கும் ஆகாதுன்னு நெனச்சேன்."

அவள் அவர் தாடையைப் பிடித்து முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பினாள். காலை வெளிச்சத்தில் கண்ணின் வெள்ளையைப் பார்த்தாள். வெள்ளைப் பீங்கானில் நிறம் பார்த்தே வாழ்ந்தவளுக்கு அது போதும். மஞ்சள்.

"நீங்க ஒழுங்கா சாப்பிட்டு எத்தனை நாளாச்சு?"

"நீ சாப்பிடாம கிடக்குறப்ப எனக்கு எப்படி எறங்கும்?"

பசி இல்லாததைத் துக்கம் என்றே நினைத்திருக்கிறார். அவர் உடம்பில் கட்டி இல்லை, கீமோ இல்லை. அந்தப் பொடி ஒன்றுதான் உள்ளே போயிருக்கிறது. அதற்கே அந்த மஞ்சள் என்றால்... என்றால்...

தலைக்குத் துணிகூடக் கட்டவில்லை. மொட்டைத் தலையோடு, ஒரு கையில் தகர டப்பாவும் மறு கையில் கணவரின் சட்டையுமாக, பேருந்துக்கு ஓடினாள். பேருந்தில் எல்லோரும் பார்த்தார்கள். பார்க்கட்டுமே!

மருத்துவர் டப்பாவைத் திறந்து பார்த்தார். உடனே கணவர் கையிலிருந்து இரத்தம் எடுக்கச் சொன்னார். முடிவு வந்ததும் இருவரையும் உள்ளே அழைத்தார். "இவருக்கு கேன்சர் இல்ல. ஆனா இவர் ஈரலும் உங்க ஈரல் மாதிரியே கெட்டிருக்கு. இந்தப் பொடியில இருக்கிற வேரால ஈரல் கெடுறதை நான் முன்னமே பாத்திருக்கேன்" என்றார்.

"அப்ப எனக்குப் பரவலியா டாக்டர்?"

ஸ்கேன் பார்க்காமல் சொல்லமாட்டேன் என்றார். ஆனால் அன்றே யார் யாரிடமோ பேசி வரிசையை உடைத்தார். ஸ்கேன் சொல்லிவிட்டது. அந்த நிழல் பிறவியிலிருந்தே இருந்த ஒரு நீர்க்கொப்புளம். நோய் கல்லீரலைத் தொடவே இல்லை.

நாத்தனார் வைத்தியரின் சட்டையைப் பிடிக்கப் போனாள். போன வேகம் வரும்போது இல்லை. அந்த மனிதர் தலையில் அடித்துக்கொண்டாராம். டாக்டரிடம் காட்டிவிட்டுக் கொடு, ஈரலைச் சோதித்துக்கொண்டே கொடு, அதுவும் ஒரு சிட்டிகைதான் என்று சொல்லித்தானே தந்தேன், கரண்டி கரண்டியாகவா கொட்டினீர்கள் என்றாராம். டாக்டர் வேண்டாமென்பார் என்ற பயத்தில், அந்த வார்த்தையை மட்டும் வழியிலேயே விழுங்கிவிட்டு வந்தவள் நாத்தனார். தம்பி வீட்டு வாசலில் நின்று, முதல்முறையாகச் சத்தமில்லாமல், "என்னைச் செருப்பால அடிங்கடா" என்றாள்.

பொடியை நிறுத்தியபின் இரண்டு ஈரல்களும் மெல்ல மெல்லத் தேறின. மஞ்சள் இறங்கியது. ஆனால் காத்திருந்த காலம் சும்மா போகவில்லை. கீமோவை மறுபடி தொடங்குமுன் மருத்துவர் அவளைப் படுக்கவைத்துச் சோதித்தார். மார்பிலிருந்த விரல்கள் அக்குளுக்குப் போய், அங்கே நின்றன. நகரவில்லை.

கட்டி பழைய அளவைத் தாண்டிவிட்டது. அக்குளிலும் தட்டுப்படுகிறது. இனி கட்டியை மட்டும் எடுப்பது நடக்காது, மார்பை முழுதாகவே எடுக்கவேண்டும். அதற்கும் இந்தக் கட்டி முதலில் மருந்துக்கு அடங்கவேண்டும்.

"பொழைச்சுடுவேனா டாக்டர்?"

"முயற்சி பண்ணுவோம்மா."

அவள் ரவிக்கையின் கொக்கிகளை மெதுவாக மாட்டினாள். "போன தடவை நீங்க 'நிச்சயமா'ன்னு சொன்னீங்க" என்றாள்.

மருத்துவர் கீமோவுக்கான சீட்டை எழுதி நீட்டினார்.

வெளியே வராந்தா பெஞ்சில் கணவர் உட்கார்ந்திருந்தார். கோப்பை உடைந்த அந்தக் காலை முதல், தேவைக்கு மேல் அவள் அவரிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. சமையலையும் அவளே செய்துகொண்டாள். நிற்க முடியாத நாளில் உட்கார்ந்தாவது செய்தாள். அவர் கையால் ஒரு வாய்த் தண்ணீர் வாங்கியதில்லை. இப்போது அவள் முகத்தைப் பார்த்ததுமே அவருக்கு எல்லாம் புரிந்துவிட்டது. நோயாளிகளும் தாதிகளும் போய்வரும் அந்த வராந்தாவில், சுற்றிலும் யார் இருக்கிறார்கள் என்று பார்க்காமல், அவள் காலடியில் தரையில் உட்கார்ந்தார்.

"என்னைத் திட்டு. அடி. ஏதாச்சும் சொல்லு. இப்படி இருக்காதே" என்றார்.

அவள் அந்தத் தலையைக் குனிந்து பார்த்தாள். அவருக்கும் முடி நரைத்துக் கொட்டியிருந்தது. கோபம் வந்தது. கூடவே வேறேதோவும் வந்தது. இரண்டையும் அவளால் பிரித்துப் பார்க்க முடியவில்லை.

"திட்டத்தான் போறேன்" என்றாள். "ஆயுசு பூரா உக்காந்து திட்டுறதுக்கு இருக்கு எனக்கு. நீங்க செஞ்சதுக்கு ஒரு நாள் பத்தாது. ஆனா இன்னிக்குத் தெம்பு இல்ல. உங்களைத் திட்டுறதுக்காவது நான் பொழைக்கணும். எழுந்திரிங்க, எல்லாரும் பாக்குறாங்க."

கீமோ அறைக்குள்ளிருந்து தாதி கூப்பிட்டாள். கூட யார் வந்திருக்கிறது என்று கேட்டாள்.

"வீட்டுக்காரர்" என்றாள் அவள்.

அவர் எழுந்து, கதவுக்கு வெளியிலேயே தயங்கி நின்றார். வரட்டுமா என்று கேட்கவும் பயம்.

"வாங்க. வந்து கையைக் கட்டிக்கிட்டு உக்காருங்க. எதையும் தொடாதீங்க."

அவர் அப்படியே செய்தார். அவள் கட்டிலுக்குப் பக்கத்து முக்காலியில், பள்ளிக்கூடப் பிள்ளைபோல இரண்டு கைகளையும் மார்போடு இறுகக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். கண்ணீர் வழிந்து மோவாயில் தொங்கியது. அதைத் துடைக்கக்கூடக் கையை எடுக்கவில்லை. தாதி ஊசியைக் குத்தினாள். மருந்து சொட்டுச் சொட்டாக இறங்க ஆரம்பித்தது. அவள் கண்ணை மூடிக்கொண்டாள். ஒவ்வொரு சொட்டு விழுவதையும் அவர் பார்த்துக்கொண்டே இருந்தார்.